அக்கா துப்பறிந்த கதை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்துக்குப் போய்விடுகிறது. இங்கே சிரம்பான் தெமியாங்கில் வெள்ளிக்கிழமைக் காலையில் தேநீருக்குச் சேர்கிறோமே, அங்கேயும் அப்படித்தான். ஒருவர் முள்கம்பி வேலியைச் சொல்வார், ஒருவர் அரிசி அட்டையைச் சொல்வார், ஊரடங்கில் வெளிக்குப் போக முடியாமல் தவித்ததைச் சொல்லி இன்னொருவர் சிரிக்க வைப்பார். போன வாரம் உங்களில் ஒருவர், எஸ்டேட் கேட்டில் நின்று பெண்களைத் தடவிச் சோதித்த பொம்பளைகளைப் பற்றிச் சொன்னீர்கள். அவளுக ஒருத்தியும் நல்ல சாவு செத்திருக்க மாட்டாள் என்றீர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு அன்று முழுக்க எனக்குக் கைவேலை எதுவும் ஓடவில்லை.

அந்தப் பொம்பளைகளில் ஒருத்தி என் அக்கா. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. எனக்கு ஒன்பது.

எங்கள் ரப்பர் எஸ்டேட் தம்பின் டவுனிலிருந்து லாரியில் அரைமணி நேரம். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டு. அக்காவுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. நடந்தால் ஒரு தோள் இறங்கி ஏறும். மேட்டு மர நிரையில் வாளி தூக்கி நடக்க மாட்டாள் என்று வேலை வாங்குகிற மண்டோர் அவள் பேரைப் பதியவே இல்லை. வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், என்னைப் பார்த்துக்கொண்டாள். அப்பா அவளைக் குறிப்பிடும்போது "இது" என்பார். இதை எவன் தலையில் கட்டுவது என்று அவள் எதிரிலேயே கேட்பார். அக்கா அதைக் காதில் வாங்காதவள் போல அடுப்பை ஊதுவாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை படிப்பது. டிரசர் வீட்டம்மாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வாரப் பத்திரிகை ஒன்று தபாலில் வரும். டிரசர் என்றால் எஸ்டேட் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறவர். எங்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். தபாலைத் தம்பினிலிருந்து லாரிக்காரர்தான் எடுத்து வருவார். அவர் டிரசர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நாங்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் லாரியை நிறுத்தி, பத்திரிகையை அக்காவிடம் நீட்டுவார். மடிப்புக் கலையாமல் படித்துவிட்டுக் கொடு என்பார். அவர் குளித்து முடித்து வரும்வரை அக்காவுக்கு நேரம். அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பக்கத்தின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, எனக்கும் கேட்கும்படி வாசிப்பாள். அந்தத் தாளில் டீசல் வாசனையும் லாரிக்காரரின் வெற்றிலை வாசனையும் இருக்கும்.

அதில் ஒரு தொடர்கதை. நாயக்கர் ஆண்ட காலத்து மதுரையில் நடக்கிற கதை. அரண்மனைக்குச் சந்தனம் அரைத்துக் கொடுக்கிற பெண் ஒருத்தி, துணி வெளுக்கிற பெண் ஒருத்தி. இரண்டு பேரும் யாருக்கும் தெரியாமல் துப்பறிகிறவர்கள். நகை தொலைந்தாலும் ஆள் தொலைந்தாலும், காவல்காரர்கள் கைவிட்ட விஷயத்தை ஜனங்கள் இவர்களிடம் கொண்டு வருவார்கள். சந்தனக்காரி வாசனையை வைத்துக் கண்டுபிடிப்பாள். வெளுக்கிறவள் கறையை வைத்துக் கண்டுபிடிப்பாள். ஒரு வழக்கு ஆறேழு வாரம் ஓடும். முடிந்ததும் அடுத்த வழக்கு. கடைசி வாரத்தில் குற்றவாளி எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பான். அந்த இரண்டு பெண்களும் ஒருமுறைகூடத் தப்புச் செய்ததில்லை.

அக்கா தானும் துப்பறிய ஆரம்பித்தாள். விளையாட்டாகத்தான். முதலில் வந்தவர் சின்னம்மா. அம்மாவின் தங்கை, பக்கத்து வீடு. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று அவர்களுக்கு. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவின் கொலுசில் ஒன்றைக் காணோம் என்று சின்னம்மா வந்து நின்றார். அக்கா பாப்பாவின் பாதத்தை முகர்ந்து பார்த்தாள். உள்ளங்காலில் கோழி எச்சம் ஒட்டியிருந்ததைக் காட்டினாள். நேராகப் போய்க் கோழிக்கூண்டுக்கு அடியில் கையை விட்டுக் கொலுசை எடுத்தாள். சின்னம்மா அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டு, இவள் சாதாரணப் பொண்ணு இல்லை என்று பைப்படியில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னார். அக்காவை அப்படி யாரும் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அதன் பிறகு செம்பு காணோம், சேவல் காணோம் என்று நாலைந்து பேர் வந்தார்கள். சேவலைப் பிடித்தது மூசாங் என்கிற மரநாய் என்று அக்கா இறகைப் பார்த்தே சொன்னாள்.

அப்புறம்தான் எங்களை இடம் மாற்றினார்கள். காட்டோரம் இருந்த பழைய லயத்தைப் பிரித்து, ஆபீசுக்குப் பக்கத்தில் புது லயம் கட்டி, சுற்றிலும் இரட்டை முள்கம்பி போட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது என்று சட்டம். சாமான் தூக்கிய அந்த வாரம் முழுக்க மழை. அந்த வாரத்தில்தான் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. புது லயத்துக்கு வருவதற்கு முந்தின நாள் பாப்பா இறந்துபோனது. ஆம்பிளைகள் மட்டும் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய லயத்துப் பின்பக்கம் எங்கோ புதைத்துவிட்டு வந்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகவில்லை. எந்த இடம் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து லாரிக்காரரைச் சுட்டுவிட்டார்கள். தம்பின் ரோட்டு வளைவில் காட்டுக்காரர்கள் மறைந்திருந்து சுட்டார்கள். லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது நானும் அக்காவும் பார்த்தோம். முன் கண்ணாடி இல்லை. சீட்டு கிழிந்து உள்ளே இருந்த தேங்காய் நார் கறுப்பாக வெளியே நின்றது. தபால் பையைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவரைச் சுட்டவனுக்கு நம்ம அரிசிதான் வயிற்றில் இருந்திருக்கும் என்று என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்கு இது விளையாட்டாக இல்லை.

கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு போலீஸ்காரரின் மனைவி இருந்தார். அவருக்கு மாசமாகி நிற்க முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த, பால்வெட்டுக்குப் போகாத ஒருத்தி வேண்டும் என்று எஸ்டேட் துரை கேட்டார். டிரசர் வீட்டம்மா அக்காவைச் சொன்னார். கண்ணு கூர்மையான பொண்ணு, கதையெல்லாம் படிச்சுக் கண்டுபிடிக்கிறவள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அம்மாவுக்கு இஷ்டமில்லை. நாளைக்கு அத்தனை பேர் சாபமும் இவள் தலையில் விழும் என்றார். அப்பா கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவர் முதல் தடவையாக அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

விடியுமுன் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு முடித்ததும் எல்லாரும் கேட்டுக்கு வருவார்கள். ஆம்பிளைகளை வெளியே வைத்துப் போலீஸ் சோதிக்கும். பெண்களுக்குக் கீற்றுத் தட்டியால் ஒரு மறைப்பு. உள்ளே ஒவ்வொருவராகப் போக வேண்டும். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் டார்ச் பிடிக்க அக்கா என்னைக் கூட்டிப் போனாள். புகையிலை, வேர்வை, பால்வாளியின் புளித்த வாசனை எல்லாம் அந்தச் சின்ன மறைப்புக்குள் கலந்து கிடக்கும். அக்கா கொண்டையை அவிழ்க்கச் சொல்வாள். முந்தியை உதறச் சொல்வாள். ரவிக்கைக்குள் கை விடுவாள். முதல் வாரம் எதுவும் கிடைக்கவில்லை. சார்ஜன் அவளைப் பார்த்து, நொண்டிக்குக் கையும் நொண்டியா என்று மலாய்க்காரப் போலீசிடம் கேட்டதை நானே கேட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குக் கிடைக்க ஆரம்பித்தது. கஞ்சி காய்ந்த கறையை வைத்து ஒருத்தியைப் பிடித்தாள். வாளியின் இரட்டை அடித் தகட்டைத் தட்டிப் பார்த்து இன்னொருத்தியைப் பிடித்தாள். மார்த்துணியில் ஒரு பிடி பழைய சோற்றை வைத்திருந்த வயதான அம்மா ஒருவர், மத்தியானம் மயக்கம் வருகிறது, அதற்காகத்தான் தாயி என்று காலைப் பிடித்தார். அக்கா சார்ஜனைக் கூப்பிட்டாள். அந்த அம்மாவுக்கு ஒரு மாதம் ஜெயில். அன்று சாயங்காலம் நாங்கள் பைப்படிக்குப் போனபோது வரிசையில் நின்றவர்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு பாதித் தண்ணீரோடு நகர்ந்துபோனார்கள். அக்கா நிதானமாகக் குடத்தை வைத்து நிரப்பினாள். துப்பறிகிறவர்களை யாருக்கும் பிடிக்காது, கதையில்கூட அப்படித்தான் என்று எனக்குச் சொன்னாள்.

சின்னம்மா மட்டும் எங்களை விட்டு நகரவில்லை. பக்கத்தில் வந்து நிற்பார். அக்காவுக்குத் தலை பின்னிவிடுவார்.

ஆனால் கேட்டில் அவர் பேசுவதில்லை. அதைக் கவனித்தது அக்காதான். பைப்படியில் பேசுகிறார், வீட்டில் பேசுகிறார், மத்தியானம் திரும்பி வரும்போது பேசுகிறார். விடியற்காலை மறைப்புக்குள் வந்தால் மட்டும் உதட்டை மூடிச் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டுகிறார். பிள்ளை போன துக்கம், வாய் அடைத்துப் போயிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். துக்கத்துக்கு மணி தெரியுமா என்று அக்கா என்னிடம் கேட்டாள். பிறகு என்னை அம்மாவோடு மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கப் போகச் சொன்னாள்.

"சின்னம்மா எங்க போறாங்கன்னு மட்டும் பாரு. கிட்ட போகாத. இனிமே நீதான் வெளுக்கிறவ," என்றாள்.

எத்தனையோ நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த பதவி அது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ரப்பர் கொட்டை வெடிக்கிற காலம். தலைக்கு மேலே டப் டப் என்று வெடித்து விழும். ஒவ்வொரு சத்தத்துக்கும் பெரியவர்கள் துப்பாக்கியோ என்று நின்று நின்று நடப்பார்கள். அம்மாவின் நிரைக்கு அடுத்த நிரை சின்னம்மாவுடையது. அவர் ஏழெட்டு மரம் வெட்டினார். வாளியைக் கீழே வைத்தார். ஓடையைத் தாண்டிப் பழைய லயத்துப் பக்கம் நடந்தார். நானும் போனேன். பலகையெல்லாம் பிரித்துக்கொண்டு போனதில் சிமெண்டுக் கால்கள் மட்டும் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் சின்னப் பலா மரம் ஒன்று. அதன் அடியில் தரை மட்டும் இலைதழை இல்லாமல் சுத்தமாக இருந்தது. சின்னம்மா அங்கே குந்தினார். ரப்பர் இலை ஒன்றைத் துடைத்துத் தரையில் வைத்தார். குனிந்து, வாயிலிருந்து ஒரு கவளம் சோற்றை அந்த இலையில் இறக்கினார்.

பிறகு எதிரே லாலான் புல்லைப் பார்த்து மெதுவாகக் கூப்பிட்டார். "வாம்மா. வந்து சாப்பிடு. இன்னிக்கு நல்லா வெந்திருக்கு."

என் காலடியில் ஒரு கொட்டை நொறுங்கியது. சின்னம்மா திரும்பினார். நான் மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அவர் எழுந்து போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு ஓடி வந்தேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கூப்பிட்டதும் யாராவது வந்தார்களா என்று கேட்டாள். யாரும் வரவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் கதை சப்பென்று முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. புல் அசைந்தது என்றேன். ஆள் தெரிந்ததா என்றாள். தெரியவில்லை, ஆனால் பொம்பளை மாதிரி இருந்தது என்றேன். அம்மாவிடம் கேட்கலாமா என்று நான் கேட்டேன். வழக்கு முடியுமுன் வீட்டில் சொல்லக் கூடாது என்றாள்.

மறுநாள் காலை சின்னம்மா மறைப்புக்குள் வந்தார். உள்ளே நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். அக்கா அவர் கொண்டையைத் தொடவில்லை, முந்தியைத் தொடவில்லை.

"வாயத் திறங்க சின்னம்மா," என்றாள்.

சின்னம்மா அவளைப் பார்த்தார். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். டார்ச் வெளிச்சத்தில் அவர் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது எனக்கும் தெரிந்தது. அக்கா வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் காதருகே போனாள்.

"முழுங்கிருங்க. நான் பார்க்கல. முழுங்கிட்டுப் போயிருங்க."

சின்னம்மா முழுங்கவில்லை. ஒரே நொடி வேலை. முழுங்கியிருந்தால் தப்பித்திருப்பார். அவர் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அக்கா இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சொன்னாள். வெளியே வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. என்ன தாமதம் என்று சார்ஜன் மலாயில் அதட்டினார்.

"அந்த லாரிக்காரரச் சுட்டவங்களுக்காக இப்படி நிக்கிறீங்களே. எனக்காக ஒரு வாய் முழுங்க மாட்டீங்களா?" என்றாள் அக்கா.

அக்கா தட்டியை விலக்கிச் சார்ஜனைக் கூப்பிட்டாள்.

சார்ஜன் சின்னம்மாவின் தாடையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அழுத்தினார். சோறு வெளியே வந்து அவர் பூட்ஸ் மேல் விழுந்தது. அவர் காலை உதறினார். சின்னம்மா கீழே உட்கார்ந்து அதைப் பொறுக்கினார். வரிசையில் நின்ற அம்மா ஓடி வந்து தங்கையைத் தூக்கப் பார்த்தார். போலீஸ்காரர் அம்மாவை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்.

ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிதான் மொழிபெயர்த்தார். சோறு யாருக்கு என்று கேட்டார்கள். என் பிள்ளைக்கு என்றார் சின்னம்மா. இவளுக்குப் பிள்ளை இல்லை என்று பேரேட்டைப் பார்த்து கிராணி சொன்னார். அப்படியானால் பொய் என்றார்கள். எங்கே வைக்கிறாய் என்று கேட்டபோது சின்னம்மா வாயைத் திறக்கவில்லை. சார்ஜன் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்கா என் மணிக்கட்டை வலிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, தானே பின்னால் போய்ப் பார்த்ததாகச் சொன்னாள். இடத்தைச் சொன்னாள். கூப்பிட்டதும் புல்லுக்குள் ஒரு பொம்பளை அசைந்ததைச் சொன்னாள். கிராணி எழுதிக்கொண்டார். நொண்டிக் காலோடு, முந்தின நாள் கேட்டை விட்டு அசையாதவளுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் நடந்தது எப்படித் தெரியும் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. கதையில் வருகிற இரண்டு பெண்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள்.

சுத்தமான தரை, கிளறிய மண். அரிசி புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று சார்ஜன் முடிவு கட்டினார். மண் வெட்ட நாலு ஆள் கேட்டார். அதில் ஒருவர் என் அப்பா. அப்பாதான் அந்தக் குழியை முதலில் வெட்டியவர். அங்கே போனதும், இது பிள்ளை புதைத்த இடம், தோண்ட வேண்டாம் என்று கும்பிட்டிருக்கிறார். அப்படிச் சொல்லித்தான் எல்லா இடத்திலும் புதைக்கிறார்கள் என்று சார்ஜன் சொல்லியிருக்கிறார். தோண்டினார்கள்.

அப்பா திரும்பி வந்து போட்டிருந்த துணியோடு பைப்புக்கு அடியில் உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. உள்ளே வந்ததும் அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "தலையில ரிப்பன் கட்டினது கட்டினபடியே இருந்துச்சு."

அம்மா அழவில்லை. அக்காவின் எதிரே போய் உட்கார்ந்தார்.

"பாப்பா அஞ்சு நாளா சோறு சோறுன்னு கேட்டுச்சுடி. காய்ச்சல்ல சோறு குடுக்கக் கூடாது, கஞ்சித் தண்ணிதான்னு டிரசர் சொல்லிட்டாரு. அவ குடுக்கப் போனா. நான்தான் தட்டைப் பிடுங்கி வச்சேன். கேட்டுக்கிட்டேதான் செத்துச்சு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அவள் பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

உண்மை தெரிந்த பிறகும் சின்னம்மாவை விடவில்லை. பிணத்துக்கானாலும் சோறு வேலியைத் தாண்டினால் குற்றம்தான் என்று கோர்ட்டில் சொன்னார்களாம். வைத்த சோறு மறுநாள் இலையில் இருந்ததா என்று கேட்டார்களாம். இல்லை, பாப்பா சாப்பிட்டிருக்கும் என்று சின்னம்மா சொன்னாராம். எறும்போ குரங்கோ தின்றிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தண்டனை குறைந்திருக்கும். புல்லில் அசைந்த பொம்பளை யார் என்றும் கேட்டார்கள். அப்படி ஒருத்தியே இல்லாதபோது அவர் என்ன சொல்வார்? ஒன்பது மாதம் போட்டார்கள்.

அதே வாரம் புது லாரிக்காரர் பத்திரிகையைக் கொண்டு வந்தார். அக்கா அதைத் தொடவில்லை. நான் டிரசர் வீட்டுக்குப் போய், அவர்கள் வாசலில் நின்றபடியே தொடர்கதையைப் படித்தேன். சின்னம்மா ஜெயிலில் இருந்தார். எனக்கு அரண்மனையில் விஷம் வைத்தது யார் என்று தெரிய வேண்டியிருந்தது. டிரசர் வீட்டம்மா எனக்கு பிஸ்கட் கொடுத்தார். அதையும் தின்றேன்.

துரை அக்காவைக் கூப்பிட்டுக் கைக்கடிகாரம் ஒன்று பரிசு கொடுத்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் அழுதபோது அப்பா விடவில்லை. விட்டால் நாமும் சேர்ந்து சோறு கொடுத்தவர்கள் என்று நினைப்பார்கள் என்றார். மறுநாளிலிருந்து மறைப்புக்குள் வருகிற ஒவ்வொரு பெண்ணும், அக்கா கேட்பதற்கு முன்னாலேயே அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனாள். அம்மாவும் காட்டினார். ஒரு நாள் தவறாமல், சோற்றுக் கட்டுப்பாடு எடுக்கிறவரை காட்டினார். வீட்டில் அக்கா சமைத்ததை அம்மா சாப்பிடுவதில்லை. தனியாக ஒரு சட்டியில் தானே பொங்கிக்கொண்டார்.

அக்கா சம்பளத்தில்தான் நான் தம்பினுக்குப் போய்ப் படித்தேன். டீச்சரானேன். அவளுக்கு மாப்பிள்ளை வரவில்லை. கேட்டில் நின்றவளா என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார்கள். பிறகு சிரம்பானுக்கு வந்து, தெமியாங்கில் ஒரு தையல் கடையில் பொத்தான் தைத்தாள். கடைசிவரை பொத்தான்தான். ஒரே ஒருமுறை, எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில், பின்னால் போனது நான்தான் என்று சின்னம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று அவளைக் கேட்டேன். நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டு பேரும் கெட்டு என்ன ஆகப் போவுது."

நான் அதைச் சொல்லாமல் இருக்க அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஜெயிலிலிருந்து வந்த சின்னம்மாவை எங்கள் எஸ்டேட்டுக்குள் விடவில்லை. சித்தப்பா ஜெலுபு பக்கம் வேறு எஸ்டேட்டுக்குப் பேர் மாற்றிக்கொண்டு போனார். அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அம்மா போய்ப் பார்த்தார். அக்கா தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று மட்டும் சின்னம்மா சொல்லி அனுப்பினார். அக்கா இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் கதவு திறக்கவில்லை. ஒரு தடவை மழையில் நின்றுவிட்டு வந்து காய்ச்சலில் விழுந்தாள்.

என்னிடம் சின்னம்மா அப்படி இல்லை. லீவுக்குப் போனால் கோழி அடித்துக் குழம்பு வைப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். என் கல்யாணத்தில் முன்னால் நின்றார். என் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அக்கா அறுபதைத் தாண்டியதும் போய்விட்டாள். சாவுக்கு ஆள் அதிகம் வரவில்லை. மத்தியானம் ஒரு டாக்சியில் சின்னம்மா வந்து இறங்கினார். எழுபது வயதிருக்கும், நிமிர்ந்துதான் நடந்தார். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் முடியை ஒதுக்கிவிட்டார். ஒரு கால் குட்டையாகத் தெரிந்ததைப் போர்த்தியிருந்த துணியை இழுத்து மூடினார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு ரப்பர் மரத்துப் பின்னால உன் பச்சைப் பாவாடையப் பார்த்தேன்," என்றார், சத்தமில்லாமல்.

டம்ளர் என் கையிலேயே இருந்தது.

"அவ கேட்டை விட்டு எங்கயும் போகலன்னு எனக்குத் தெரியாதா? உன் வாயால வரட்டும்னு இருந்தேன். உனக்குச் சோறு போட்ட ஒவ்வொரு தடவையும் இன்னிக்குச் சொல்லுவியான்னு பார்த்தேன். சொல்லியிருந்தா இவள உள்ள கூப்பிட்டிருப்பேன்."

முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். நான் தாங்கப் போனேன். என் கையை விலக்கிவிட்டு, தானே நடந்து டாக்சிக்குப் போனார். அப்போதுகூட நான் ஒன்றும் சொல்லவில்லை. அழவாவது செய்தேனா என்றால் அதுவும் இல்லை. சுற்றிலும் ஜனம் இருந்தது. சின்னம்மா என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அக்காவை மன்னித்துவிட்டாராம் என்று சொன்னேன்.